தங்கம் கெடாது, ரப்பர் கெடும்

தங்க நிப் பேனாவில் காகிதத்தைத் தொடுவது தங்கம் இல்லை. நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பத்து மடங்கு லென்ஸ் வழியாக நிப்பின் நுனியைப் பார்த்தால், மஞ்சள் உலோகம் முடிகிற இடத்தில் சாம்பல் வெள்ளையாக ஒரு சிறு மணி பற்றவைக்கப்பட்டிருப்பது தெரியும். எழுதுவது அந்த மணி. தங்கம் அதைத் தாங்குகிறது, மையில் அரிக்கப்படாமல் நிற்கிறது, கொஞ்சம் வளைந்துகொடுக்கிறது.

வீட்டுப் பெட்டியிலிருந்து பழைய பேனா ஒன்று கிடைத்தால் முதலில் எழும் கேள்வி ‘இதில் எவ்வளவு தங்கம்?’ என்பதுதான். கணக்கு எளிது. சாதாரண அளவு நிப் அரை கிராமைத் தாண்டுவது அபூர்வம். 14 கேரட் என்றால் அதில் 24-இல் 14 பங்கு, அதாவது 58.3 சதவீதம், சுத்தத் தங்கம். முழு அரை கிராம் என்று வைத்துக்கொண்டாலும் சொக்கத் தங்கம் 0.3 கிராமைத் தொடாது. அடகுக் கடையில் இதற்குப் பெரிய மரியாதை கிடைக்காது. உருக்கினால் அற்பத் தொகை. எழுத வைத்தால் அதைப் போலப் பல மடங்கு பெறும். ஆனால் எழுத வைப்பதற்குத் தங்கத்தைப் பற்றித் தெரிந்துகொள்வதைவிட, அதைச் சுற்றியிருக்கும் ரப்பர், பிளாஸ்டிக், கார்க், அரக்கு ஆகியவற்றைப் பற்றித் தெரிந்துகொள்வது முக்கியம். எண்பது வருடத்தில் நிப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மற்றவை எல்லாவற்றுக்கும் ஏதாவது ஆகியிருக்கும்.

இவ்வளவு சிறிய வேலைக்கு ஏன் தங்கத்தைப் பிடித்தார்கள்? காரணம் மை. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் அன்றாட மை மாசிக்காயும் அன்னபேதியும் சேர்ந்தது. மாசிக்காயில் இருக்கும் டானின், அன்னபேதியின் இரும்போடு சேர்ந்து, காற்றுப் பட்டதும் கறுத்து, காகித நார்களுக்குள் பிடித்துக்கொள்ளும். பத்திரங்களுக்கு அதைவிடத் தோதான மை கிடையாது. ஆனால் அந்த மை அமிலத்தன்மை கொண்டது. மைப்புட்டியில் தோய்த்து எழுதும் எஃகு நிப்பை அது விரைவிலேயே அரித்துவிடும். எஃகு நிப் மலிவு என்பதால் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று மாட்டிக்கொள்ளலாம். இரவும் பகலும் மைக்குள்ளேயே கிடக்கும் ஊற்றுப் பேனா நிப்புக்கு அந்த வசதி இல்லை. துருப்பிடிக்காத எஃகு ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி கையில் உருவானது 1913-இல்தான். அதுவரை அமிலத்துக்கு அசையாத, தகடாக அடிக்கத் தோதான உலோகம் என்றால் தங்கம்தான்.

சுத்தத் தங்கம் மிக மென்மையானது, அழுத்தினால் வளைந்தபடியே நின்றுவிடும். வெள்ளியும் செம்பும் கலந்தால் விறைப்பும் மீள்திறனும் வரும். ஆனால் கலப்பு கூடக் கூட, அரிப்பைத் தாங்கும் குணம் குறையும். இந்த இழுபறியில் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் வந்து நின்ற இடம் 14 கேரட். அதுவும் காகிதத்தின் மேல் தேய்ந்துபோகும் என்பதால் நுனிக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. 1834-இல் ஜான் ஐசக் ஹாக்கின்ஸ், பிளாட்டினத் தாதுவோடு கிடைக்கும் ஆஸ்மியம்–இரிடியம் மணிகளைத் தங்க நிப்பின் நுனியில் பதித்துக் காட்டினார். தங்கம் உருகுவது 1064 டிகிரி செல்சியஸில். ஆஸ்மியம் உருக 3000 டிகிரிக்கு மேல் வேண்டும். சாதாரணக் காகிதத்தால் அந்த மணியைத் தேய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். பின்னாளில் ருத்தேனியம், டங்ஸ்டன் என்று கலவைகள் மாறின. இரிடியம் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. மலிவான எஃகு நிப்களில் ‘இரிடியம்’ என்று பொறித்திருப்பதைப் பார்த்தவர்கள் அதைத் தங்கத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தச் சொல் நுனியைப் பற்றியது மட்டுமே. பல நேரம் அந்த நுனியில்கூட இரிடியம் இருக்காது.

மணியைப் பற்றவைத்த பிறகுதான் நடுவே பிளவை அறுப்பார்கள். அந்தப் பிளவின் வழியாக மை இறங்குவது நுண்துளைக் கவர்ச்சியால். நிப்புக்கு அடியில் ஒட்டி நிற்கும் கறுப்பு நாக்கில் மெல்லிய வாய்க்கால்கள் இருக்கும்; மை கீழே போகும்போது அதற்கு ஈடான காற்று மேலே போக வேண்டும், இல்லையென்றால் ஓட்டம் நின்றுவிடும். இந்தக் கொடுக்கல் வாங்கலை ஒழுங்குபடுத்திய நாக்குக்கு நியூயார்க்கின் லூயிஸ் வாட்டர்மேன் 1884-இல் காப்புரிமை வாங்கினார். காப்பீட்டு ஒப்பந்தத்தின் மேல் மை கொட்டி வியாபாரம் கைநழுவியதால்தான் அவர் இதைக் கண்டுபிடித்தார் என்ற கதை உலகம் முழுக்கச் சுற்றுகிறது. விளம்பரத்துக்காகப் பின்னாளில் புனையப்பட்டது என்றே பேனா வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். நல்ல கதைதான், நம்பத்தான் முடியவில்லை.

ஃபில்லரால் மை ஊற்றி எழுதியவர்களுக்கு இன்னொரு அனுபவம் நினைவிருக்கும்: மை பாதிக்குக் கீழே போனதும் திடீரென்று ஒரு சொட்டு விழும். கைச்சூடுதான் காரணம். உள்ளே 2 மில்லி காற்று இருக்கிறது, 25 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குச் சூடாகிறது என்றால், அது 3.4 சதவீதம் விரியும். அதாவது 0.07 மில்லி மையை வெளியே தள்ளும், ஏறத்தாழ ஒரு சொட்டு. பிற்கால நாக்குகளில் சீப்புப் பற்களைப் போல வெட்டியிருப்பது அந்தச் சொட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளத்தான்.

இனி அடையாளம் காண்பது.

நகை வாங்கும் எவருக்கும் 916 தெரியும்: ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், 22 கேரட். நிப்பிலும் அதே கணக்குதான். 585 என்றால் 14 கேரட், 750 என்றால் 18 கேரட், 375 என்றால் 9 கேரட். அமெரிக்க நிப்களில் ‘14கே’ என்று இருக்கும். ஜெர்மன் நிப்களில் 585 பரவலாகக் காணப்படும். பிரான்சில் செய்தவற்றில் 18 கேரட் அதிகம். ‘வாரண்டட் 14 கேரட்’ என்று மட்டும் பொறித்து, தயாரிப்பாளர் பெயரே இல்லாத நிப்களும் ஏராளம். அவை உண்மையான தங்கம்தான். ஆனால் சிறு நிறுவனங்களுக்கு மொத்தமாகச் செய்து விற்கப்பட்டவை, அல்லது பழுதானபோது மாற்றி வைக்கப்பட்டவை. பெரிய பெயர் பொறித்த உடலில் இப்படிப் பெயரில்லாத நிப் இருந்தால், அசல் நிப் எங்கோ போய்விட்டது என்று அர்த்தம்.

‘ஜி.பி.’ போன்ற எழுத்துகள் முலாமைக் குறிக்கும். முலாம் பூசிய எஃகு நிப்பில் பிளவின் ஓரமும் தோள்பகுதியும் வெளுத்துத் தெரியும், ஏனென்றால் விரலும் துணியும் அங்கேதான் அதிகம் படுகின்றன. மூடியிலும் கிளிப்பிலும் ‘ரோல்ட் கோல்ட்’, ‘கோல்ட் ஃபில்ட்’ என்றிருந்தால், பித்தளை மேல் அழுத்தி ஒட்டிய தங்கத் தகடு. அதன் பக்கத்தில் பத்தில் ஒன்று என்கிற மாதிரி ஒரு பின்னம் இருந்தால், மொத்த எடையில் அந்தத் தகட்டின் பங்கு அது. முலாமைவிடத் தடிமன்தான், என்றாலும் வருடக்கணக்கில் பாலிஷ் போட்டால் பித்தளை எட்டிப் பார்க்கும்.

காந்தம் வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. ஒட்டினால் எஃகு, சந்தேகமே இல்லை. ஒட்டவில்லை என்றால் ஒன்றும் நிரூபணம் ஆகாது. துருப்பிடிக்காத எஃகின் பல வகைகள் காந்தத்தைக் கண்டுகொள்வதே இல்லை. உரைகல்லில் தேய்த்துப் பார்க்கும் யோசனையை அடியோடு விட்டுவிட வேண்டும். நகையில் ஒரு கீறல் பரவாயில்லை. கால் மில்லிமீட்டர் தடிமனில் அளந்து செய்த நிப்பில் ஒரு கீறல் அதன் விலையில் பாதி.

பெயர், கிளிப், உடல் மூன்றும் ஒரே ஊரைச் சொல்ல வேண்டும். பார்க்கரின் அம்பு கிளிப் 1933-இல் வேகுமாட்டிக் பேனாவோடு வந்தது. ஷெஃபர் மூடியில் வெள்ளைப் புள்ளி வாழ்நாள் உத்தரவாதத்தின் அடையாளம், 1924 முதல். பார்க்கர் கிளிப்பில் நீல வைரம் இருந்தால் அதே வகை உத்தரவாதம். 1940களின் பிற்பகுதியில் அது நின்றுபோனது. பெலிக்கன் நிப்பில் தங்கக் குறிக்குப் பதில் ‘சி.என்.’ என்றிருந்தால், ஹிட்லர் ஆட்சியில் தங்கத்துக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு செய்த குரோமியம்–நிக்கல் எஃகு நிப் அது. தங்கம் இல்லை என்பதாலேயே அந்தக் காலத்தைச் சரியாகச் சொல்லிவிடும்.

பார்க்கர் இன்னொரு உதவியும் செய்து வைத்திருக்கிறது. 1930களின் இறுதியிலிருந்து 1950கள் வரையிலான அமெரிக்கப் பேனாக்கள் பலவற்றின் உடலில் ஒற்றை இலக்கமும் அதைச் சுற்றிப் புள்ளிகளும் இருக்கும். இலக்கம் ஆண்டின் கடைசி எண். மூன்று புள்ளி முதல் காலாண்டு. காலாண்டுக்கு ஒன்றாகப் புள்ளிகள் குறைந்து, கடைசிக் காலாண்டில் ஒன்றுமே இருக்காது. ‘4’ மட்டும் இருந்தால் 1944-ஆ 1954-ஆ என்பதைப் பேனாவின் மை நிரப்பும் முறையை வைத்து முடிவு செய்யலாம். சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால்தான் இந்தப் பொறிப்பு கண்ணில் படும். அதன் மேல் பாலிஷ் போட்டவர்கள் பேனாவின் பிறப்புச் சான்றிதழை அழித்தவர்கள்.

உடல் எந்தப் பொருளால் ஆனது என்று தெரியாமல் தண்ணீரில் போடுவதுதான் பழைய பேனாவுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய கெடுதல். இதற்குப் பார்க்கர் டியோஃபோல்டைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1921-இல் ஏழு டாலர் விலையில், கறுப்புப் பேனாக்களுக்கு நடுவே ஆரஞ்சுச் சிவப்பாக வந்து பெயர் வாங்கிய பேனா. முதல் சில ஆண்டுகள் அது எபோனைட். 1926 முதல் செல்லுலாய்டு. தொலைவிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. ஒன்றுக்குத் தண்ணீரும் வெயிலும் எமன், மற்றொன்றுக்குச் சாராயமும் சூடும் எமன்.

எபோனைட் என்பது ரப்பரில் கந்தகத்தை நிறையச் சேர்த்து, பல மணி நேரம் சூடாக்கிக் கெட்டியாக்கியது. நெல்சன் குட்இயர் 1851-இல் காப்புரிமை பெற்றார். கந்தகம் எடையில் கால் பங்கும் அதற்கு மேலும் இருக்கும். வெளிச்சமும் ஈரமும் சேர்ந்தால் மேற்பரப்பில் உள்ள கந்தகம் ஆக்சிஜனேற்றம் அடைந்து, கந்தக அமிலம் வரை போகும். கறுப்பு மங்கி ஆலிவ் பச்சையாகவும் பழுப்பாகவும் மாறும். கட்டைவிரலால் வேகமாகத் தேய்த்து முகர்ந்தால் கந்தக வாசனை வரும். நிறம் மாறிய எபோனைட்டை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டால், காலையில் இன்னும் பழுப்பேறி இருக்கும். திருவள்ளூரில் இன்றும் எபோனைட் கம்பிகளைக் கடைசல் பிடித்துக் கையாலேயே பேனா செய்கிறார்கள். புதிய எபோனைட் எப்படிப் பளபளக்கும், எப்படிக் கைக்கு இதமாக இருக்கும் என்று அறிய அந்தப் பேனாக்களைப் பார்த்தால் போதும்.

செல்லுலாய்டைத் தேய்த்தால் கற்பூர வாசனை. நைட்ரோசெல்லுலோஸைக் கற்பூரத்தோடு பிசைந்து செய்தது அது. பழைய சினிமாச் சுருளும் இதே குடும்பம். எனவே ‘சூடான ஊசியால் குத்திப் பார்’ என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து பேனாவை வாங்கி வைத்துவிடுவது நல்லது, குப்பென்று பற்றிக்கொள்ளும். கற்பூரம் பத்து, இருபது ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி வெளியேறுவதால் பேனா சுருங்கும். மூடியில் உள்ள வளையங்கள் கழன்று ஆடுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆல்கஹால் செல்லுலாய்டைக் கரைக்கும். சானிட்டைசர் தடவிய ஈரக்கையோடு 1930களின் பேனாவை எடுக்கக் கூடாது. நெயில் பாலிஷ் கழுவும் அசிட்டோன் பக்கத்திலேயே வரக் கூடாது. முதுமை முற்றிய செல்லுலாய்டு நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை விடும், அவை ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகும். ஒரு பேனாவில் தொடங்கிய சிதைவு மூடிய பெட்டியில் இருக்கும் மற்றவற்றுக்கும் பரவுவது அதனால்தான். உள்ளே நுண்ணிய வெடிப்புகள் ஓடி, காடி நெடி அடித்தால் அந்தப் பேனாவைத் தனியே காற்றோட்டமாக வைக்க வேண்டும்.

மூன்றாவது வகை அதிகம் பேருக்குத் தெரியாது: பால் புரதமான கேசீனை ஃபார்மால்டிஹைடில் ஊறவைத்துக் கெட்டியாக்கிய பிளாஸ்டிக். பிரிட்டனின் கான்வே ஸ்டூவர்ட் பேனாக்கள் சிலவற்றின் அழகான பளிங்குக் கோலங்கள் இதில் வந்தவை. இது தண்ணீரைக் குடிக்கும். குடித்தால் வீங்கும், காய்ந்தால் விரிசல் விடும். ஈரத்துணியால் துடைக்கலாம், அதற்கு மேல் கிடையாது.

மை நிரப்பும் அமைப்பைத் தொடுவதற்கு முன், நிப்பை மட்டும் மைப்புட்டியில் தோய்த்து ஒரு வரி எழுதிப் பார்க்கலாம். நிப் நன்றாக இருக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும், உள்ளே என்ன கெட்டிருந்தாலும் சரி. லென்ஸில் இரண்டு இதழ்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, மணி இருபுறமும் சமமாக இருக்கிறதா, பிளவு முடிகிற இடத்தில் உள்ள மூச்சுத் துளையிலிருந்து ஓரத்தை நோக்கி மயிரிழை வெடிப்பு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். மணி உதிர்ந்துபோன நிப் வெறும் தங்கத்தால் கீறும். மறுபடி மணி வைக்கும் கைவினைஞர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான்.

பிறகு உள்ளே. ஐயோவா மாநிலத்தின் ஃபோர்ட் மேடிசனில் நகைக்கடை வைத்திருந்த வால்டர் ஷெஃபர் 1908-இல் நெம்புகோல் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பக்கவாட்டில் உள்ள சிறு கோலைத் தூக்கினால் உள்ளே ஒரு தகடு ரப்பர்ப் பையை அமுக்கும். விட்டால் பை விரிந்து மையை உறிஞ்சும். எளிமையான, நம்பகமான ஏற்பாடு. ஆனால் அந்த லேடெக்ஸ் பைக்கு ஆயுள் சில பத்தாண்டுகளே. அதற்குப் பிறகு ஒன்று கல்லாக இறுகும், அல்லது கோந்தாக உருகும். இறுகிய பையின் மேல் கோலை வலுவாகத் தூக்கினால் கோல் முறியும், உடலும் பிளக்கும். ஆட்டிப் பார்த்தால் உள்ளே கலகலவென்று சத்தம் வருகிறதா? உடைந்த பைத் துண்டுகள். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பையை மாற்றுவது பேனா பழுது பார்ப்பவர்களுக்கு அரிச்சுவடி. கழுத்துப் பகுதியை இதமான சூட்டில் இளக்கி, முறுக்காமல் மெல்லக் கழற்றி, பழைய பையைச் சுரண்டி எடுத்து, அளவு பார்த்துப் புதிய பையை அரக்குக் கரைசலால் ஒட்டி, மேலே டால்கம் தூளைத் தூவுவார்கள். அரக்கு ஏன்? அது மையின் ஈரத்தைத் தாங்கும், சூடு பட்டால் இளகும், ஸ்பிரிட்டில் கரையும். அடுத்த முப்பது வருடம் கழித்து இன்னொருவர் திறக்க வேண்டுமானால் திறந்துகொள்ளலாம். சூப்பர் க்ளூ போட்டு ஒட்டியவர் அந்தப் பேனாவுக்குக் கடைசி பழுது பார்த்தவராகிவிடுவார்.

1929-இல் வந்த பெலிக்கன் திருகுப் பிஸ்டனில் பை கிடையாது. உடலே மைக்கூடு. ஆரம்ப காலத்தவற்றில் பிஸ்டனின் தலையில் கார்க் இருந்தது. காய்ந்த கார்க் சுருங்கும், அல்லது சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வாலைத் திருகி இறுக்கமாக இருந்தால் வலுவைக் காட்டாமல், நிப் வழியாகக் கொஞ்சம் தண்ணீரை உள்ளே விட்டு ஒரு நாள் காத்திருப்பதே முறை.

கழுவுவதற்குக் குளிர்ந்த அல்லது அறை வெப்பத் தண்ணீர் போதும். வெந்நீர் எபோனைட்டின் நிறத்தையும் செல்லுலாய்டின் உருவத்தையும் மாற்றும். சென்னையின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம் என்பதால், கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர் நல்லது, இல்லாவிட்டால் நாக்கின் வாய்க்காலில் உப்புப் படியும். காய்ந்த மை பிடிவாதம் செய்தால் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளி சேர்க்கலாம், பிறகு அது முற்றிலும் போகும்வரை அலச வேண்டும். மையின் பரப்பு இழுவிசையைச் சோப்பு குறைத்துவிடும். மிச்சமிருந்தால் அடுத்த மை கட்டுக்கடங்காமல் ஓடும். நாக்கும் பெரும்பாலும் எபோனைட்தான், என்றாலும் அது மறைந்திருப்பதால் நிறம் போனால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தண்ணீர் கழுத்து வளையத்தைத் தாண்டி மேலே ஏறாமல் இருந்தால் சரி.

மை விஷயத்தில் சிக்கனக்காரர்கள்தான் பிழைத்தார்கள். பிரில், கேமல், குவிங்க் போன்ற சாதாரணச் சாய மைகள் பழைய பேனாவுக்கு உகந்தவை. ஓவியர்கள் பயன்படுத்தும் இந்தியன் இங்க் வேண்டவே வேண்டாம். அதில் புகைக்கரியும் பிசினும் இருக்கும், காய்ந்த பிறகு தண்ணீருக்குக் கரையாது. மினுமினுப்புத் துகள் கலந்த புதிய மைகளும் அப்படியே, பார்க்க அழகு, பிளவுக்குப் பகை. இரண்டு மைகளைக் கலப்பதும் ஆபத்து. ஒன்று அமிலம், மற்றொன்று காரம் என்றால் சாயம் வீழ்படிவாகத் திரண்டு வாய்க்காலை அடைக்கும்.

இரண்டு நம்பிக்கைகளைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. ‘தங்க நிப் எழுதுபவரின் கைக்கு ஏற்ப வளைந்துவிடும், அதனால் பேனாவை யாருக்கும் கொடுக்கக் கூடாது’ என்பது ஒன்று. தங்கம் கைக்கு ஏற்ப வளைவதில்லை. பல வருடம் ஒரே கோணத்தில் எழுதினால் நுனி மணியில் ஒரு சிறு தட்டைப் பரப்பு விழும், அவ்வளவே. இரவல் வாங்கியவர் ஒரு கையெழுத்தில் அதை மாற்றிவிட முடியாது. கீழே போட்டுவிடலாம், அது வேறு. மற்றது, தங்கம் என்றாலே இழைத்து எழுதும் மென்மை என்பது. தங்கத்தின் விறைப்பு எண் எஃகினுடையதில் பாதிக்கும் குறைவு என்பது உண்மைதான். ஆனால் நிப்பின் வளைவைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் தகட்டின் தடிமனும் இதழ்களின் நீளமும் தோளின் வடிவமும். இருபதுகளின் வாட்டர்மேன் நிப் ஒன்று மென்மையாக விரியும். அதே 14 கேரட்டில் செய்த பார்க்கர் 51 நிப் ஆணியைப் போல அசையாது.

அந்த 51 பற்றித் தனியே சொல்ல வேண்டும், தமிழ்நாட்டு வீடுகளில் தேடினால் கிடைக்க வாய்ப்புள்ள பேனா அதுதான். 1939-இல், பார்க்கர் நிறுவனத்தின் 51-ஆவது ஆண்டில், வடிவமைப்பு முடிந்து 1941-இல் விற்பனைக்கு வந்தது. முதலில் பிறந்தது மை. காகிதத்துக்குள் உடனே ஊடுருவிக் காயும், கடுமையான காரத்தன்மை கொண்ட மை. அது செல்லுலாய்டைக் கெடுத்தது. எனவே போர் விமானங்களின் கண்ணாடிக் கூண்டுகளுக்குப் பயன்பட்ட அக்ரிலிக் வகையான லூசைட்டில் பேனா செய்தார்கள். சீக்கிரம் காயும் மை நிப்பிலேயே காய்ந்துவிடக் கூடாது என்று நிப்பை ஒரு முக்காட்டுக்குள் மறைத்து, நுனியை மட்டும் வெளியே விட்டார்கள். 1945 மே 7 அன்று ரைம்ஸ் நகரில் ஜெர்மனி சரணடைந்த ஆவணத்தில் கையெழுத்தான பிறகு, ஐசன்ஹோவர் வெற்றிக் குறியாக உயர்த்திப் பிடித்த பேனாக்கள் பார்க்கர்கள்.

முக்காட்டு நிப் என்றதும் நம் ஊரில் இரண்டு தலைமுறை மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது ஹீரோ. ஷாங்காயில் செய்த ஹீரோ 616 போன்றவை 51-இன் உருவத்தை அப்படியே எடுத்துக்கொண்டவை. அவற்றின் நிப் எஃகு. மூடி ஓரத்தில் உள்ள எழுத்தைப் படித்தாலே குழப்பம் தீரும். உண்மையான 51-லும் எல்லாம் தங்கம் என்று சொல்ல முடியாது: 1950-இல் வந்த ‘ஸ்பெஷல்’ வகையில் எட்டு உலோகங்கள் கலந்த ஆக்டேனியம் நிப். நுனிக்குச் சற்று மேலே தெரியும் உலோகம் மஞ்சளா வெள்ளையா என்று பார்த்தால் போதும், முக்காட்டைக் கழற்றத் தேவையில்லை.

வால்பகுதியில் ஒரு சிறு மூடி கழன்று, அடியில் அழுத்தும் தண்டு இருந்தால் 1941 முதல் 1948 வரையிலான வேகுமாட்டிக் முறை. உள்ளே ரப்பர்ச் சவ்வு, மாற்றியே ஆக வேண்டும். உடலைத் திருகினால் உலோகக் குழாயும் அழுத்தும் பட்டையும் தெரிந்தால், 1948-இல் தொடங்கிய ஏரோமெட்ரிக். இதில் பார்க்கர் ரப்பரை விட்டுவிட்டுப் பி.வி.சி. பையைப் போட்டது. எழுபது ஆண்டு கழித்தும் அந்தப் பைகள் பெரும்பாலும் தெளிவாக, மெத்தென்று இருக்கின்றன. பழைய பேனாக்களில் திறந்த கையோடு எழுதத் தொடங்கக்கூடிய ஒரே வகை என்றே இதைச் சொல்லிவிடலாம். நிப்பைத் தண்ணீரில் மூழ்கவைத்துப் பட்டையை அழுத்தி அழுத்தி விட வேண்டும். வெளியே தெளிந்த நீர் வந்தாலும் ஏமாறக் கூடாது. முக்காட்டுக்குள் சீப்புப் பற்களோடு ஒரு பெரிய மைத்தேக்கி இருக்கிறது, தாத்தா கடைசியாக நிரப்பிய மை அங்கே இறுகிக் கிடக்கும். முன்பகுதியை மட்டும் ஒரு டம்ளரில் நிறுத்தி, நீரை மாற்றிக்கொண்டே இருந்தால் இரண்டு மூன்று நாள் நீலம் கசிந்துகொண்டே இருக்கும். அது நின்ற பிறகு, நிப்பை வெள்ளைத் துணியில் ஒற்றி எடுத்து, அதில் கறை படியவில்லை என்றால் மை நிரப்பலாம்.